பரணில் கிடைத்த பெஸன்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். தாத்தாவின் ட்ரம்பெட் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. அதன் பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) ‘பெஸன் அண்ட் கோ, புரோட்டோடைப், 198 யூஸ்டன் ரோடு, லண்டன், இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது, சுற்றிலும் பதக்கங்களின் படம். இது எந்தக் காலத்துக் கருவி, என்ன விலை போகும், ‘புரோட்டோடைப்’ என்றால் சோதனைக்காகச் செய்த ஒரே ஒரு கருவியா? இவை மூன்றும் மேலே இருக்கின்றன. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய பாத்திரக் கடைக்காரர் எடைக்கு 450 ரூபாய் தருகிறேன் என்கிறாராம், வீட்டில் கொடுத்துவிடலாம் என்கிறார்களாம், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் ‘நான் ஊதிப் பார்க்கிறேன்’ என்கிறாளாம். உங்கள் உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கொடுக்காதீர்கள். விலை மதிப்பு அதிகம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; விலையைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நான் பதினான்கு வயதில் சர்ச் பேண்டில் சேர்ந்து ஊத ஆரம்பித்தவன். இப்போது ஊதுவதைவிடப் பழுது பார்ப்பதுதான் அதிகம். இருபது வருடங்களில் பரணிலிருந்தும் கோணிப்பையிலிருந்தும் வந்த பித்தளைக் கருவிகள் நிறையவே என் மேசையில் கிடந்திருக்கின்றன. இங்கே நீங்கள் போட்ட நான்கு படங்களையும் எழுதிய விவரங்களையும் மட்டும் வைத்துப் பேசுகிறேன். அதனால் உறுதியானதை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதில் முதலாவது, உங்களிடம் இருப்பது ட்ரம்பெட் இல்லை, கார்னெட். பெல் விளிம்பிலிருந்து, உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் இடம் வரை 14 அங்குலம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதும். வழக்கமான பி ஃபிளாட் சுருதி ட்ரம்பெட் 19 அங்குலத்துக்கு ஒட்டி இருக்கும். இரண்டிலும் உள்ளே ஓடும் குழாயின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. கார்னெட்டில் அதை இன்னும் நெருக்கிச் சுற்றியிருப்பார்கள், அதனால் ஆள் குட்டையாகத் தெரியும். முக்கியமான வித்தியாசம் குழாயின் உள்வடிவத்தில் இருக்கிறது. ட்ரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலத்தில் போய், கடைசியில் பெல்லில் விரியும். கார்னெட்டில் குழாய் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகும். மவுத்பீஸின் கிண்ணமும் ஆழமாக இருக்கும். ட்ரம்பெட்டின் ஒலி ஈட்டி மாதிரி நேரே பாய்வதும் கார்னெட்டின் ஒலி உருண்டு திரண்டு, பாடுகிற குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதும் இதனால்தான். சுருக்கமான சங்கதிகளை இழைத்து ஊதுவதற்குக் கார்னெட் கொடுக்கும் சுகம் தனி. ட்ரம்பெட் ஊதுகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் நான் இதைச் சொல்லத்தான் செய்வேன்.

தாத்தா தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் பேண்டு செட்டில் விரலால் அழுத்துகிற மூன்று வால்வு வைத்த சின்னக் கருவி எல்லாமே ட்ரம்பெட்தான். ஆனால் அந்த பேண்டு மரபு வந்த வழியைப் பார்த்தால் கார்னெட்தான் முறையான வாரிசு. பிரிட்டிஷ் பித்தளை பேண்டில் ட்ரம்பெட்டே கிடையாது, மேல் ஸ்தாயி முழுக்கக் கார்னெட்டுகள்தான். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்டுகளிலும் அதே வழக்கம். அந்தச் சேனை இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் சொந்தமாகவே கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தது. ராணுவ பேண்டு, மிஷன் பேண்டு என்று இங்கே வந்து சேர்ந்த பழைய கருவிகளில் கார்னெட்டைக் கண்டால் நான் ஆச்சரியப்படுவதில்லை. பின்னாளில் ட்ரம்பெட்டுக்கே முகமாகிப்போன ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கூடத் தொடக்க காலத்தில் ஊதியது கார்னெட்டைத்தான்.

அடுத்து பெயர். கஸ்தாவ் பெஸன் 1837ஆம் ஆண்டில் பாரிஸில் தொழில் தொடங்கியவர். சாக்ஸபோனுக்குப் பெயர் தந்த அடோல்ஃப் சாக்ஸோடு காப்புரிமை வழக்குகளில் சிக்கி, 1850களில் லண்டனுக்குத் தொழிலைக் கொண்டுவந்தார். அப்படி உருவான லண்டன் நிறுவனத்தின் விலாசம்தான் உங்கள் கருவியில் இருக்கும் 198 யூஸ்டன் ரோடு. பாரிஸ் கிளை தனியாக ‘எஃப். பெஸன்’ என்ற பெயரில் நடந்தது. ட்ரம்பெட் சேகரிப்பவர்கள் ‘ஃபிரெஞ்சு பெஸன்’ என்று கண்ணில் ஒளியோடு பேசுவது அந்தப் பாரிஸ் கருவிகளைத்தான். பிற்கால அமெரிக்க ட்ரம்பெட்டுகள் பலவற்றுக்கு அவை முன்மாதிரி. உங்களுடையது லண்டன் கிளையின் கருவி. தரத்தில் சோடை போனது என்று அர்த்தமில்லை, ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டு இணையத்தில் பார்க்கும் விலையை நம்பிவிடாதீர்கள்.

‘புரோட்டோடைப்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் முதன்முதலாகச் செய்து பார்த்த ஒற்றைக் கருவி தாத்தாவிடம் வந்துவிட்டது என்று உற்சாகப்படுவது இயல்பு. இந்தக் கேள்வியோடு என்னிடம் வரும் நாலாவது ஆள் நீங்கள். அது பெஸனின் வணிக முத்திரை. ஒவ்வொரு கருவிக்கும் குழாயின் ஒவ்வொரு பகுதிக்கும் சரியான கூம்பு வடிவத்தைக் கணக்கிட்டு, அந்த அளவில் எஃகு அச்சுகளைச் செய்து வைத்துக்கொண்டார் பெஸன். பித்தளைத் தகட்டை அந்த அச்சின் மேல் வைத்து உருவாக்குவதால், இன்று செய்த கார்னெட்டும் பத்து வருடம் கழித்துச் செய்யும் கார்னெட்டும் ஒரே வார்ப்பாக வரும். மூல அச்சிலிருந்து பிறந்தது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. கைப்பழக்கத்தை நம்பி ஒவ்வொன்றாகச் செய்த கருவிகளில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒரு பேண்டில் பத்துக் கார்னெட் சேர்ந்து ஊதும்போது சுருதி பத்துப் பக்கம் இழுக்கும். உங்கள் கருவியின் பெருமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பதக்கங்களும் நிறுவனம் பொருட்காட்சிகளில் வாங்கியவை. தாத்தா போட்டியில் ஜெயித்ததன் அடையாளம் என்று உங்கள் மாமா சொல்வது சரியில்லை. அவர் ஜெயித்திருக்கலாம், அதற்கு இந்தப் பொறிப்பு சாட்சி ஆகாது.

காலத்தைக் கணிப்பதில் இனிமேல்தான் உறுதி குறைகிறது. லண்டன் பெஸன் நிறுவனம் 1948ஆம் ஆண்டில் பூஸி அண்ட் ஹாக்ஸ் என்ற இன்னொரு இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. யூஸ்டன் ரோடு விலாசம் அதற்கு முந்தியது, எனவே மேல் எல்லையைத் தைரியமாக வைக்கலாம். கீழ் எல்லைக்கு இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயரைத் தனியாகப் பொறிப்பது 1890க்குப் பிறகு பரவிய வழக்கம். அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டில் வந்த சுங்கச் சட்டம்தான் அதற்குத் தூண்டுதல். ஆனால் இது பொதுவிதிதான், அசைக்க முடியாத ஆதாரமில்லை. இரண்டாவது தடயம், பெட்டியின் மூலையில் கிடக்கிறது என்று நீங்கள் எழுதிய விரல் நீளக் குழாய்த் துண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அதற்கு ஷாங்க் என்று பெயர். பழைய கார்னெட்டுகளில் மவுத்பீஸுக்கும் கருவிக்கும் நடுவில் இதைச் செருகுவார்கள். சின்னதைப் போட்டால் பி ஃபிளாட், நீளமானதைப் போட்டால் அரைச் சுரம் இறங்கி ஏ. இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் சகஜம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்ல மறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதல் உலகப் போருக்கு முந்திய இருபது முப்பது வருடங்களுக்குள் செய்தது என்ற பக்கம் என் மனம் சாய்கிறது. அடித்துச் சொல்ல மாட்டேன். பொறிப்புக்குக் கீழேயோ நடு வால்வின் உறையிலோ ஒரு எண் இருக்கும், அதை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் உலவுகின்றன. அவற்றில் பல ஒன்றுக்கொன்று முரண்படும், ஐந்தாறு வருடம் முன்பின்னாக எடுத்துக்கொள்வதே நல்லது.

என் ஊகம் சரியென்றால் இன்னொன்றும் தெரிகிறது. 1925 வாக்கில் பிறந்த தாத்தா இதன் முதல் சொந்தக்காரராக இருக்க முடியாது. அவர் கைக்கு வரும்போதே இது பழைய கருவிதான். கருவியைச் சாய்த்துப் பிடித்து, வால்வு உறைகளிலும் பெல்லின் அடிப்பக்கத்திலும் தேடிப் பாருங்கள். மேல்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான முத்திரை, அதாவது ராணுவத்திலிருந்து வந்திருக்கிறது. வெறும் எண்ணோ, ஆணியால் கீறிய எழுத்தோ இருந்தால் ஏதோ ஒரு பேண்டின் கணக்கு எண். பெட்டியின் உட்புறத் துணியில் கடைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் இன்றும் இருக்கும் மியூஸி மியூசிகல் 1842ஆம் ஆண்டில் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய கடை. அப்படி ஒரு சீட்டு கிடைத்தால் கருவி வந்த வழி பாதி தெரிந்த மாதிரி. ஒன்றுமே இல்லாவிட்டால் வந்த வழியைக் கருவி சொல்லாது, மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

மகள் ஊதப் போகிறாள் என்றால் சுருதியைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். இன்று உலகம் முழுக்க ஏ என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது நடைமுறை. 1939ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய மாநாடு வைத்த அளவு. அதற்கு முன் இங்கிலாந்தில் பேண்டுகள் 452 ஹெர்ட்ஸை ஒட்டிய ‘உயர் சுருதி’யில் ஊதின. பித்தளை பேண்டுகள் 1960கள் வரைகூட அதை விடவில்லை. உங்கள் கார்னெட் அந்த உயர் சுருதிக் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். கணக்குப் பார்த்தால் வித்தியாசம் அரைச் சுரத்தில் பாதி. தனியாக ஊதினால் ஒரு குறையும் தெரியாது, கீபோர்டோடு சேர்ந்தால் காதைக் கூசவைக்கும். சோதிப்பது எளிது. கைபேசியில் ஒரு டியூனர் செயலியைப் போட்டு, டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாயை) ஒரு சென்டிமீட்டர் இழுத்து வைத்து, வால்வு எதையும் அழுத்தாமல் நடு ஸ்தாயியில் பி ஃபிளாட் சுரத்தை நிதானமாக ஊதச் சொல்லுங்கள். 466 பக்கம் நின்றால் இன்றைய சுருதி, 475க்கு மேல் ஏறினால் பழைய சுருதி. ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுச் சோதித்தால் எந்தக் கருவியுமே ஏறித்தான் காட்டும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயர் சுருதிதான் என்று தெரிந்தால் ஸ்லைடை இரண்டு சென்டிமீட்டர் போல இழுத்து, மூன்று வால்வுகளின் குட்டி ஸ்லைடுகளையும் அந்த விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கலாம். கருவிக்குக் கருவி இது மாறும். சிலவற்றில் ஸ்லைடு அவ்வளவு நீளமே இருக்காது.

அதற்கெல்லாம் முன்னால் கருவி ஊதும் நிலையில் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது. வெள்ளி முலாம் கறுத்திருப்பதும், பெல் விளிம்பில் இரண்டு ஒடுக்கு விழுந்திருப்பதும் பெரிய விஷயமில்லை. ஒடுக்கு எடுத்துவிடலாம், எடுக்காமல் விட்டாலும் ஒலி கெடாது. உயிர்நாடி வால்வுகள்தான். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அது தேய்ந்து அகன்றுவிட்டால் காற்று கசியும், உதடு வலிக்க ஊதினாலும் ஒலி திரளாது. பிஸ்டன்கள் இறங்கி ஏறுகின்றன என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை அரை அங்குலம் வெளியே இழுத்து, அப்புறம் வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று நிற்கிறது என்று அர்த்தம், நல்ல அறிகுறி. சத்தமே வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ கசிகிறது. அடுத்ததாக, மவுத்பீஸிலிருந்து போகும் முதல் குழாயை உற்றுப் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவில் கறுத்த பொட்டும் தெரிந்தால், பித்தளையிலிருக்கும் துத்தநாகம் உள்ளிருந்து அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிக்கொண்டிருக்கிறது. மேலே தெரியும் பச்சைக் களிம்பு துடைத்தால் போய்விடும், இது போகாது. அந்தக் குழாயையே ஒருநாள் மாற்ற வேண்டிவரும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லதெல்லாம் முலாம் பூசிய கருவிக்கு நல்லதில்லை. பாத்திரக் கடை பாலிஷ் மெஷினில் கொடுப்பதும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் தன் அப்பாவின் கார்னெட்டைத் தங்கமாக மின்ன வைத்துக்கொண்டு வந்தான். பளபளப்பைப் பார்த்து அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். பெயரும் எண்ணும் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினேன், ஒரு கோடுகூட மிச்சமில்லை. பெல்லின் தகடு தொடக்கத்திலேயே அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் மெஷின் எவ்வளவு தின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்று இனி யாராலும் அவனுக்குச் சொல்ல முடியாது. அதேபோல, இறுகிப்போன மவுத்பீஸைக் குறடு போட்டுத் திருகுவதும் கூடாது. உள்ளிருக்கும் குழாய் முறுக்கிக்கொண்டு, பற்று விட்டுவிடும். அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, பழுது பார்ப்பவர்களிடம் ஐந்து நிமிட வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறுகிய பிஸ்டன் மேல் வால்வு எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் தானாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். எடுக்கும்போது எந்தப் பிஸ்டன் எந்த உறையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்று பிஸ்டனிலேயே பொறித்திருக்கும், ஒன்றை மாற்றிப் போட்டால் காற்றே போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து, குழாய்களுக்குள் விட்டு அலசுங்கள். இது அழகுக்காக மட்டும் இல்லை. முப்பது வருடம் மூடிக் கிடந்த குழாய்க்குள் பூஞ்சை இருக்கும், அதை அலசாமல் குழந்தை வாயில் வைக்கக் கூடாது. மீதியைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். உங்கள் ஊரில் யார் என்று தெரியாவிட்டால் போலீஸ் பேண்டிலோ கல்யாண பேண்டு செட்டிலோ விசாரியுங்கள், அவர்கள் கொண்டுபோகும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும்.

இப்போது விலை. பெஸன் கார்னெட்டுகள் பெரிய எண்ணிக்கையில் செய்யப்பட்டவை, இங்கிலாந்திலேயே இவை அபூர்வமில்லை. முழுதாகச் சரிசெய்ய ஆகும் செலவு, விற்றால் கிடைக்கும் பணத்தைத் தாண்டிவிடக்கூடும். வெள்ளி முலாம் பூச்சுதான், அதில் இருக்கும் வெள்ளிக்கு விலை இல்லை. லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ட்ரம்பெட்டுகளில் சேகரிப்பாளர்கள் தேடி வருவது வேறு சில பெயர்களை: ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த மார்ட்டின் கமிட்டி, அமெரிக்காவின் மவுண்ட் வெர்னன் ஊரில் 1953க்குப் பிறகு சுமார் பத்து வருடம் செய்த வின்சென்ட் பாக், நான் மேலே சொன்ன பாரிஸ் பெஸன். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால், பெயரோடு ஊர்ப்பெயரையும் பாருங்கள். ஓல்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ட்ரம்பெட்டில் லாஸ் ஏஞ்சலஸ் மட்டும் இருந்தால் அது 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியது, ஃபுல்லர்ட்டன் என்று இருந்தால் பிந்தியது. நம் நாட்டில் மீரட் நகரம் நூறு வருடத்துக்கும் மேலாக பேண்டு கருவிகளின் ஊர். அங்கே செய்தவற்றில் நல்லவையும் உண்டு, வெளிநாட்டுப் பெயரைப் பொறித்து விற்கப்படும் இந்தியக் கருவிகளும் சந்தையில் உண்டு. பெயரை மட்டும் நம்பாமல் எழுத்தின் நேர்த்தியையும் பற்றவைப்பின் சுத்தத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அதனால் இது அசல் பெஸன் என்பதில் எனக்குச் சந்தேகம் அநேகமாக இல்லை. நேரில் பார்க்காமல் ‘அநேகமாக’ என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டேன்.

மகள் கற்றுக்கொள்வதற்கு என் யோசனை இது. பள்ளியிலோ சர்ச்சிலோ மற்றவர்களோடு சேர்ந்து ஊதப் போகிறாள் என்றால், இன்றைய சுருதியில் இருக்கும் ஒரு சாதாரணக் கார்னெட்டையோ ட்ரம்பெட்டையோ வாங்கிக் கொடுங்கள். தொடக்கத்தில் சுருதி சேராத கருவியோடு மல்லுக்கட்டினால் குற்றம் தன்மேல்தான் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். தாத்தாவின் கார்னெட்டைச் சரிசெய்து வீட்டில் வைத்து, உதடு கொஞ்சம் பழகியதும் அதில் ஊதச் சொல்லுங்கள். ட்ரம்பெட் மவுத்பீஸ் இதில் சரியாக உட்காராது. கார்னெட் மவுத்பீஸின் தண்டு மெல்லியது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் இருக்கும் பழைய மவுத்பீஸின் விளிம்பில் முலாம் போயிருந்தால் அதை வாயில் வைக்க வேண்டாம், கருவியோடு பத்திரமாக வைத்தால் போதும்.

உங்கள் மூன்றாவது படத்தில் ஒன்றைக் கவனித்தேன். நடு வால்வைச் சுற்றி, இடது கை பிடிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளி முழுக்கப் போய்ப் பித்தளை தெரிகிறது. அந்த இடத்துக்கு மறுபடியும் முலாம் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பல வருடம் தினமும் பிடித்த கை அப்படித்தான் தேய்க்கும், பெட்டியிலேயே கிடந்த கருவியில் அந்தத் தேய்மானம் வராது. அது முழுக்க தாத்தாவின் கை மட்டும்தானா, அவருக்கு முன்னால் இருந்தவர்களுடையதும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தாத்தா வாசித்ததாக நீங்கள் எழுதிய சர்ச் பேண்டில் அவரோடு இருந்தவர்கள் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். யாரிடம் வாங்கினார், எந்த வருடம், முதல் பார்ட் வாசித்தாரா இரண்டாவதா, ஊர்வலங்களில் எந்தப் பாட்டை அதிகம் ஊதினார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பாட்டின் பெயர் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். கார்னெட்டுக்கு ஏற்ற ஸ்தாயியில் அதன் சுரங்களை எழுதித் தருகிறேன், மகள் முதலில் அதைப் பழகட்டும்.